வாலில்லாச் சோதனைக் கிளைடர்: முதல் மாதிரியை அமைக்கும் முறை

வாலில்லாக் கிளைடர் என்றதும் பலரும் ஜெர்மனியின் ஹோர்ட்டன் சகோதரர்கள் அமைத்தது போன்ற, பின்னோக்கிச் சாய்ந்த நீண்ட இறக்கைகளையே வரையத் தொடங்குகிறார்கள். அவ்வகை இறக்கையை நுனி வரை சீராக முறுக்க வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் சற்றே வேறுபட்டாலும் கிளைடர் ஒருபுறம் சரியும். எனவே, முதல் முயற்சிக்கு, பிரான்சின் சார்ல் ஃபோவெல் வடிவமைத்து 1951-இல் பறந்த ஏவி.36 என்ற வாலில்லாக் கிளைடரில் உள்ளது போன்ற நேரான இறக்கையே ஏற்றது.

5 மி.மீ. தெர்மோகோல் தகட்டில் 60 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் கொண்ட இறக்கையை வெட்டி, நடுவில் மடித்து, இரு நுனிகளும் ஏறத்தாழ 25 மி.மீ. உயரும்படி ஒட்டுங்கள். நுனிகளில் சிறு செங்குத்துத் தகடுகளைப் பொருத்துங்கள். வாலில்லை என்பது கிடைவால் இல்லை என்பதே தவிர, திசை காக்கும் தகடு தேவையில்லை என்பதன்று. ஏவி.36-இலும் அத்தகைய தகடுகள் இரண்டு உண்டு. பின்விளிம்பை இரண்டு மூன்று மி.மீ. மேல்நோக்கி வளையுங்கள், வால் செய்யவேண்டிய சமநிலைப் பணியை இங்கே இந்த வளைவே செய்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஈர்ப்பு மையம். இத்தகைய இறக்கையின் நடுநிலைப் புள்ளி (ஈர்ப்பு மையம் தாண்டிப் பின்னால் போகக்கூடாத எல்லை) முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்கில், அதாவது 30 மி.மீ. தொலைவில் அமைகிறது. ஈர்ப்பு மையம் அதற்கு முன்னால், 24 மி.மீ. அளவில் நிற்கும்வரை இறக்கையின் நடுவில் முன்னோக்கி ஒட்டிய மூக்குக் குச்சியில் களிமண் சேர்த்து, இரு விரல் நுனிகளில் ஏந்திச் சரிபாருங்கள். வாலுள்ள கிளைடர் மன்னிக்கும் பிழையை இது மன்னிக்காது.

காற்றில்லாத காலையில், புல்வெளியில், மூக்கைச் சற்றே தாழ்த்தி மெல்ல விடுங்கள். நேராகத் தரையில் பாய்ந்தால் பின்விளிம்பை இன்னும் சிறிது உயர்த்துங்கள். மேலேறி, வேகமிழந்து, மீண்டும் மீண்டும் அலைபாய்ந்தால் அவ்வளைவைக் குறையுங்கள். கையைவிட்டு நீங்கியதுமே பின்புறமாகப் புரண்டால், வளைவைத் தொடாமல் களிமண்ணைக் கூட்டுங்கள். ஈர்ப்பு மையம் பின்தங்கியிருப்பதே காரணமாக இருக்கும்.

பெரிதாக்கும்போது இறக்கையின் விறைப்பைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகர மாணவர்கள் உருவாக்கி 1988-இல் பறக்கவிட்ட, 15 மீட்டர் இறக்கை கொண்ட எஸ்பி-13 கிளைடரில், மூக்கின் ஏற்ற இறக்க அசைவும் இறக்கையின் வளைவும் ஒன்றோடொன்று இணைந்து அதிரும் சிக்கலே பெரும் உழைப்பைக் கேட்டது. ஆகவே, ரேடியோ கட்டுப்பாட்டைப் பொருத்துவதற்கு முன் இறக்கைக்குள் கார்பன் குழாயைப் பதித்து, நுனியைக் கையால் வளைத்தும் முறுக்கியும் பாருங்கள். எளிதில் இணங்கினால் அந்த இறக்கையைப் பறக்கவிடாதீர்கள்.