விடுதலைத் தீர்ப்பு கிடைத்ததும் கடைசிப் பத்தியைப் படியுங்கள்

பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் நான் பார்க்கும் கட்சிக்காரர்கள் பலர், நீதிபதி "விடுதலை" என்றதும் கும்பிட்டுவிட்டு நேராக பஸ் ஏறப் போய்விடுகிறார்கள். கிளம்புவதற்கு முன் தீர்ப்பின் நகல் கேட்டு மனு போடுங்கள். சான்றிட்ட நகல் கையில் இல்லாவிட்டால் பாஸ்போர்ட், வேலை, காவல்துறைச் சரிபார்ப்பு என்று ஒவ்வொன்றிலும் பழைய எப்.ஐ.ஆர். முன்னால் வந்து நிற்கும்.

நகல் வந்ததும் கடைசிப் பத்திகளைப் படியுங்கள். "அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்கத் தவறியது" என்று சாட்சியங்களை முழுதாக அலசிச் சொல்லியிருக்கிறதா? அல்லது "சந்தேகத்தின் பலனை எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) அளித்து" என்றோ, சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள், அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்றோ இருக்கிறதா? சட்டத்தின் முன் எல்லாமே விடுதலைதான். அந்த விடுதலை நிலைத்திருக்கும் வரை, அதே குற்றத்துக்கு உங்கள் மேல் மறுபடி வழக்கு நடத்தக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பழைய சட்டத்தில் 300-வது பிரிவு, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 337) விடாது.

ஆனால் அரசு வேலைக்குப் போகும்போது அந்த வரிகள் பேசும். தென்காசி பஸ் நிலையச் சம்பவத்தில் சிக்கிய ஒரு காவலர், சாட்சிகள் பிறழ்ந்ததால் விடுதலையானார். ஆனாலும் துறை விசாரணையில் பறிபோன வேலை திரும்பவில்லை. 2012-ல் உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் காவலர் தேர்வு விதிகளும் சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்கின்றன. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நிரூபிக்க வேண்டியது அரசின் பொறுப்பு. அவர்கள் கோட்டைவிட்டதற்குப் பையன் ஏன் வேலையை இழக்க வேண்டும்? அதனால் வழக்கு நடக்கும்போதே, சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்துவிடாமல், குறுக்கு விசாரணையில் உங்கள் தரப்பை முழுதாகப் பதிவு செய்யச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.

விண்ணப்பத்தில் "உங்கள் மேல் குற்ற வழக்கு இருந்ததா?" என்ற கேள்விக்கு "ஆம், விடுதலை" என்றே எழுதி நகலை இணையுங்கள். மறைத்தது தெரிந்தால் விடுதலையும் கைகொடுக்காமல் போகலாம். கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அப்புறம் மேல்முறையீடு. அரசுத் தரப்புக்கு 90 நாள் அவகாசம்; தாமதமானாலும் நீதிமன்றம் அதை மன்னிக்கலாம். பாதிக்கப்பட்டவரும் தனியாக மேல்முறையீடு செய்யலாம். மேல் நீதிமன்றம் அழைத்தால் ஆஜராவேன் என்று தீர்ப்புக்கு முன் நீங்கள் எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரம் ஆறு மாதம் செல்லும். அதற்குள் வீடு மாறினால் புது முகவரியை வக்கீலிடமும் ஜாமீன்தாரரிடமும் சொல்லிவிடுங்கள்.