லூசியானா கோழி கம்போ: ‘ரூ’ கிளறுவது முதல் பரிமாறுவது வரை

அமெரிக்காவின் லூசியானா மாநிலச் சமையல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கம்போ. 2004இல் அந்த மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்தது. கிண்ணத்தில் ஒரு கரண்டி சோறு, அதைச் சுற்றிக் கரும்பழுப்பு நிறத்தில் குழம்பு, அதில் கோழியும் புகையூட்டிய சாசேஜும். குழம்புக்கு அந்த நிறத்தைத் தருவது ‘ரூ’, அதாவது எண்ணெயில் சிவக்க வறுத்த மைதா.

லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கிரியோல் சமையலில் இறால், நண்டு, வெண்டைக்காய் எல்லாம் சேரும். சிலர் தக்காளியும் போடுவார்கள். மேற்கே கேஜன் மக்களிடம் (1755 முதல் பிரிட்டிஷார் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து விரட்டிய அகேடியர்களின் வழிவந்தவர்கள்) தக்காளி என்று பேச்செடுத்தாலே முகம் சுளிப்பார்கள். கீழே இருப்பது கேஜன் வகை. முதன்முறை செய்பவர்களுக்கு இதுதான் தோது. கடலுணவு இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்தாலே ரப்பராகிவிடும். கோழித் தொடை அவ்வளவு கண்டிப்பு காட்டாது.

தேவையானவை (8 பேருக்கு)

எலும்போடு கோழித் தொடை 1¼ கிலோ
அண்டூயி சாசேஜ் 400 கிராம்
மைதா 1 கப் (125 கிராம்)
வாசனையற்ற எண்ணெய் 1 கப் (240 மி.லி.)
பெரிய வெங்காயம் 300 கிராம்
செலரித் தண்டு 150 கிராம்
பச்சைக் குடைமிளகாய் 150 கிராம்
பூண்டு 5 பல்
பே இலை 3
உலர்ந்த தைம் 1 தேக்கரண்டி
மிளகுத்தூள் 1 தேக்கரண்டி
கெயன் மிளகாய்த்தூள் ½ தேக்கரண்டி
வெங்காயத்தாள், பார்ஸ்லி, உப்பு

அண்டூயி கிடைக்காவிட்டால் நன்றாகப் புகையூட்டிய பன்றி சாசேஜ் எதுவானாலும் சரி. புகை வாசம் இல்லாத சாசேஜ் போட்டால் கம்போ மொட்டையாக இருக்கும். பே இலை என்பது நம் பிரியாணி இலை அல்ல. அதில் பட்டை வாசம் அடிக்கும், இங்கே ஒட்டாது. பே இலை கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கரம் மசாலா, இஞ்சி, மல்லித்தூள் பக்கமே போக வேண்டாம். இந்தக் குழம்பின் மசாலா வறுத்த மாவுதான்.

1. கோழிச்சாறு

தொடைகளை 2½ லிட்டர் தண்ணீரில் போட்டு, அடுப்பைக் குறைத்து, 40 நிமிடம் மெல்லக் கொதிக்க விடுங்கள். குக்கர் வேண்டாம், கறி குழைந்துவிடும். கோழியை எடுத்து ஆறவைத்து, எலும்பு நீக்கிப் பெரிய துண்டுகளாகப் பிய்த்து வையுங்கள். சாறை வடிகட்டினால் சுமார் 2 லிட்டர் தேறும். குறைந்தால் தண்ணீரால் சரிசெய்யலாம். உப்பு இப்போது போடாதீர்கள்.

2. எல்லாவற்றையும் நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்

வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் சேர்ந்ததை லூசியானாவில் ‘ஹோலி டிரினிட்டி’ என்பார்கள். மூன்றையும் பொடியாக நறுக்கி ஒரே பாத்திரத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். ‘ரூ’ கிளற ஆரம்பித்துவிட்டால் கத்தியைத் தொட நேரம் இருக்காது. சாசேஜை அரை செ.மீ. வில்லைகளாக்கி, வேறொரு வாணலியில் இருபுறமும் சிவக்க வறுத்துத் தனியே வையுங்கள். ‘ரூ’ பாத்திரத்திலேயே வறுத்தால் அடியில் ஒட்டிய துணுக்குகள் பிறகு கருகிக் கசக்கும்.

3. ‘ரூ’

கம்போ தேறுவதும் தோற்பதும் இங்கேதான்.

6 லிட்டர் கொள்ளும் அடிகனமான பாத்திரம் வேண்டும். உட்புறம் வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. கறுப்பு இரும்புச் சட்டியில் நிறம் மாறுவது புதியவர்கள் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அடியை வழித்தெடுக்க, தட்டையான முனையுள்ள மரக்கரண்டி. சுத்திகரித்த கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டுமே ஏற்றவை. வெண்ணெய் கூடாது: அதிலுள்ள பால் திடப்பொருள் மாவு சிவப்பதற்கு முன்பே கருகிவிடும். கோதுமை மாவும் கூடாது, அதன் தவிடு கரும்புள்ளிகளாக நிற்கும்.

எண்ணெயை மிதமாகச் சூடாக்கி, மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். பிறகு தீயை மிதத்துக்கும் கீழே வைத்து, நிறுத்தாமல் கிளறுங்கள். ஓரங்களையும் மூலைகளையும் வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே தேங்கும் மாவுதான் முதலில் கருகும்.

முதல் 10 நிமிடம் மணல் நிறம். 20 நிமிடத்தில் வேர்க்கடலை வெண்ணெய் நிறம், கூடவே கடலை வறுபடும் வாசமும். அரை மணிக்கு மேல் செம்புக்காசு நிறம். 40 நிமிடம் வாக்கில் பால் சாக்லேட். பழகியவர்கள் கறுப்புச் சாக்லேட் வரை போவார்கள். முதல் முறை நீங்கள் பால் சாக்லேட்டிலேயே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு நல்ல நிறத்துக்கும் கருகலுக்கும் இடையே ஓரிரு நிமிடம்தான்.

கறுக்கக் கறுக்கச் சுவை ஏறும், ஆனால் மாவிலுள்ள ஸ்டார்ச் சிதைந்து குழம்பைக் கெட்டியாக்கும் வலு குறையும். 2 லிட்டருக்கு ஒரு கப் மைதா போடுவது அதனால்தான்.

கரும்புள்ளிகள் தென்பட்டாலோ தீய்ந்த நெடி வந்தாலோ கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி மறுபடி தொடங்குங்கள். வடிகட்டியோ சர்க்கரை போட்டோ தேற்ற முடியாது. இந்தக் கட்டத்தில் நஷ்டம் மாவும் எண்ணெயும் மட்டுமே.

கை கால் எச்சரிக்கை: ‘ரூ’ கொதிநீரைவிடப் பல மடங்கு மோசம், தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அடுக்களைக்கு வெளியே அனுப்புங்கள்.

இவ்வளவு நேரம் நிற்க முடியாதவர்கள், அதே மாவையும் எண்ணெயையும் ஓவனில் போகும் பாத்திரத்தில் கலந்து 175 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைக்கலாம். இடையில் இரண்டு மூன்று முறை கிளறினால் போதும். லூசியானாக் கடைகளில் ‘ரூ’ பாட்டிலிலேயே கிடைக்கிறது. அதை வாங்குவதில் ஒரு வெட்கமும் இல்லை.

4. காய்களும் சாறும்

வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே நறுக்கிய காய்களைக் கொட்டுங்கள். கனமான பாத்திரத்தின் சூட்டில் ‘ரூ’ மேலும் கறுத்துக்கொண்டே போகும். காய்களின் ஈரம்தான் அதைத் தடுக்கும். சோவென்று ஆவி கிளம்பும், முகத்தைத் தள்ளி வையுங்கள். 6 நிமிடம் வதக்கி, பூண்டைச் சேர்த்து இன்னும் ஒரு நிமிடம்.

வெதுவெதுப்பான சாறை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். மொத்தமாகக் கவிழ்த்தால் கட்டி தட்டும். அப்படியே ஆகிவிட்டாலும் பதற வேண்டாம், நன்றாகக் கொதிக்கவிட்டு அடித்துக் கலக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். பே இலை, தைம், மிளகு, கெயன், சாசேஜ் சேர்த்து, மூடாமல், குறைந்த தீயில் ஒரு மணி நேரம். மேலே மிதக்கும் எண்ணெயை அவ்வப்போது வழித்தெடுங்கள். கடைசி 15 நிமிடம் இருக்கும்போது கோழித் துண்டுகள். உப்பு அதற்குப் பிறகுதான், சாசேஜிலேயே நிறைய இருக்கும்.

பதம்: சாம்பாரைவிட நீர்த்தும் ரசத்தைவிடக் கெட்டியாகவும். பச்சை மாவு வாசம் அடித்தால் இன்னும் 20 நிமிடம் கொதிக்கட்டும்.

5. பரிமாறல்

நீள அரிசிச் சோறு, மேலே கம்போ, அதன்மேல் வெங்காயத்தாளும் பார்ஸ்லியும். சோற்றைப் பானைக்குள் கலந்துவிடாதீர்கள், சாறெல்லாம் குடித்து ஊதிப்போகும். ஃபிலே பொடி கிடைத்தால் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை தூவலாம். சசஃப்ராஸ் இலையை உலர்த்தி அரைத்த பொடி அது, சாக்டா பழங்குடியினர் தந்தது. கொதிக்கும் பானையில் போட்டால் நூல் நூலாக இழுக்கும். கேஜன் வீடுகளில் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சாலட் வைப்பார்கள். சோற்றுக்குப் பதிலாக அதையே கிண்ணத்துக்குள் போட்டுக்கொள்பவர்களும் உண்டு.

மறுநாள் சுவை இன்னும் கூடும். மீந்ததைச் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். உறைந்த கொழுப்பு மேலே படிந்திருக்கும். சூடாக்குவதற்கு முன் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம்.