ஷவர் கசிவும் ஊறிப்போன சுவரும்

குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் பெயின்ட் உப்பியது. டைல்ஸை உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். கசிவு எங்கே என்று தெரியாமல் எதற்கு உடைப்பது?

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு தண்ணீர் மீட்டரைப் பார்த்தேன்; அசையவில்லை. எப்போதும் தண்ணீர் நிற்கும் குழாயில் பழுதில்லை என்று அர்த்தம். அப்புறம் ஷவர் தலையைக் கழற்றி, அங்கே ஒரு மூடியைத் திருகி, வால்வைத் திறந்தேன். இப்போது மீட்டர் மெல்ல ஓடியது. ஆக, கசிவு வால்வுக்கு மேலே. ஷவர் கையை, அதாவது ஷவர் தலையைத் தாங்கும் குழாயை, சுவரிலிருந்து கழற்றினால், மரையில் இருந்த பழைய டெஃப்லான் டேப் நைந்து கிடந்தது. மரையைத் துடைத்து, கடிகாரச் சுற்றில் புது டேப்பை இறுக்கிச் சுற்றி மாட்டினேன். எதிர்ச்சுற்றில் சுற்றினால் முறுக்கும்போதே பிரிந்துவிடும். மறுபடி அதே மூடிச் சோதனை, மீட்டர் நின்றது.

சுவர்தான் பொறுமையைச் சோதித்தது. உப்பிய பட்டியைச் சுரண்டி, ஈரத்தால் சுவரில் பூத்திருந்த வெள்ளை உப்பை உலர்ந்த பிரஷால் தட்டினேன். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளேதான் போகும். ஃபேன் போட்டுக் காயவிட்டேன். பாலிதீன் தாளை நாலு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்து, உள்பக்கம் வேர்க்காத பிறகே பட்டி, பிரைமர், பெயின்ட்.