கரண்ட் வந்தும் ஆம்ப்பில் சத்தம் வரவில்லையா?

ஏற்காட்டில் சித்தப்பா வீட்டில் இடி இடித்தால் கரண்ட் போய்விடும். போன மே மாதம் அப்படிப் போய் வந்ததும் போன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டர்ல பாட்டு ஓடுது, ஆம்ப்ல சத்தமே இல்ல. வயர் போயிடுச்சு போல, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா." சேலம் அஞ்சு ரோட்டில் ஹெச்டிஎம்ஐ வயர் வாங்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். அதன் கவரைப் பிரிக்கவே வேலை வரவில்லை.

ஹெச்டிஎம்ஐ-யில் படமும் சத்தமும் சேர்ந்தே போகும். அதனால் கம்ப்யூட்டரின் கணக்கில் ரிசீவரும், அதாவது ஹெச்டிஎம்ஐ வயர் போய்ச் சேரும் அந்த ஆம்ப்பும், ஒரு திரைதான். 'நான் இன்ன மாடல், இத்தனை சேனல் சத்தம் வாங்குவேன்' என்று ரிசீவர் தன்னைப் பற்றி ஒரு விவரம் தரும். ஈடிஐடி என்பார்கள். கம்ப்யூட்டர் முந்தி எழுந்து, ரிசீவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தால் அந்த விவரம் போய்ச் சேராமல் போகலாம். அப்போது மானிட்டர் ஸ்பீக்கரையோ வேறெதையோ கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும்.

அதனால் முதலில் எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கையே பிடுங்கி இரண்டு நிமிடம் விடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் ரிசீவர் முழுதாக அணைவதில்லை. பிறகு ரிசீவரைப் போட்டு, கம்ப்யூட்டர் செருகியிருக்கும் இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து மானிட்டர். கம்ப்யூட்டர் கடைசியில்தான். சித்தப்பா வீட்டு ஸ்விட்ச் போர்டில் 1, 2, 3 என்று டேப்பில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

அப்படியும் வராவிட்டால் டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸ் போங்கள். அவுட்புட் பட்டியலில் ரிசீவரின் பெயர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பெயரே இல்லையென்றால் ரிசீவர் என்ற திரை கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் கீயோடு பி-யை அழுத்தி டூப்ளிகேட் (எல்லாத் திரையிலும் ஒரே படம்) வையுங்கள். மவுஸ் அம்பு கண்ணுக்குத் தெரியாத திரைக்குள் போய் ஒளிந்துகொள்ளும் தொல்லையும் இதிலேயே தீரும்.

டிரைவர், அதாவது கம்ப்யூட்டரின் பாகங்களை இயக்கும் மென்பொருள், அதை மாற்றப்போகிறவர்களுக்கு ஒன்று. ஹெச்டிஎம்ஐ சத்தம் கிராபிக்ஸ் வழியாக வருவது. கம்ப்யூட்டரின் சொந்த சவுண்ட் சிப்புக்கான ரியல்டெக் டிரைவரை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் பலன் இருக்காது. இன்டெல், என்விடியா, ஏஎம்டி, இதில் உங்களுடையது எதுவோ அதன் கிராபிக்ஸ் டிரைவரைப் புதிதாகப் போடுங்கள்.

சத்தம் வந்த பிறகு சித்தி ஒரு படம் போட்டார். பின்னணி இசை அறையே அதிர வருகிறது, ஆட்கள் வாயசைக்கிறார்கள், வசனம் மட்டும் இல்லை. பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். அங்கே இருப்பதோ இடமும் வலமுமாக இரண்டே பெட்டி. ரிசீவரின் ஸ்பீக்கர் செட்டப்பில் சென்டர் 'இருக்கிறது' என்று கிடந்தது. அதை 'இல்லை' என்று மாற்றியதும் வசனம் இரண்டு பெட்டியிலும் பிரிந்து வந்தது. "இப்ப கேக்குது கண்ணு, இப்படியே விட்டுடு" என்றார் சித்தி.