கொட்டாங்குச்சிக் கரியில் சாயத்தண்ணீரைத் தெளியவைப்பது எப்படி?

திருப்பூர் சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு நமக்குத் தெரியும். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பயிருக்கு ஆகாத தண்ணீர் தேங்கியது, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கரியால் இதில் எவ்வளவு முடியும் என்பதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம்.

கொட்டாங்குச்சியின் நாரைச் சுரண்டி, கழுவிக் காயவைத்து, ரவை பருமனுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 100 கிராமை 70 மில்லி தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள் (அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்). அதில் 50 கிராம் தூளை ஒரு நாள் ஊறவிட்டு, 110 டிகிரியில் உலர்த்தி, மூடி போட்ட மூசையில் (சூடு தாங்கும் கிண்ணம்) 500 டிகிரி உலையில் ஒரு மணி நேரம் வையுங்கள். புகை வரும், அதனால் புகைபோக்கி உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் கழுவுவது. அவசரப்பட்டால் எல்லாம் கெடுவது இங்கேதான். கரித்துளைகளுக்குள் அமிலம் ஒளிந்திருக்கும். மேலாகக் கழுவி லிட்மஸ் சரி என்று காட்டினாலும், அரை மணி நேரம் ஊறவிட்டுப் பார்த்தால் தாள் மறுபடி சிவக்கும். சூடான வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறவிட்டு, வடித்து, திரும்ப ஊறவிட்டு, தாள் சிவப்பது நிற்கும் வரை விடாதீர்கள்.

சோதிக்க மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் போதும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கரைசலில் 100 மில்லி எடுத்து, 0.1 கிராம் கரி போட்டு இரண்டு மணி நேரம் கலக்கி வடிகட்டுங்கள். வடிதாளும் கொஞ்சம் நீலத்தை உறிஞ்சிக்கொள்ளும்! கரி போடாத கரைசலையும் அதே மாதிரி தாளில் வடித்து ஒப்பிட்டால்தான் கரி எவ்வளவு பிடித்தது என்பது சரியாகத் தெரியும்.

ஆனால் இந்த நீலம் போனதை வைத்துப் பட்டறைக் கழிவுக்குக் கணக்குப் போடாதீர்கள். மெத்திலீன் புளூவுக்கு நேர் மின்சுமை. திருப்பூரில் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களுக்கு எதிர் மின்சுமை, மூலக்கூறும் பெரியது. கரைசல் கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருந்தால்தான் அவை நன்றாக ஒட்டும். அதோடு சாயமேற்றக் கொட்டிய உப்பு அப்படியே தண்ணீரில் கிடக்கும், கரி அதைத் தொடாது. டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) முக்கிப் பாருங்கள், கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரிலும் எண் இறங்கியிருக்காது. அதற்கு ஆர்ஓவும் ஆவியாக்கியும்தான் வேண்டும்.

சாயம் ஏறிய கரியைத் தோட்டத்திலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள், தனி டப்பாவில் மூடி, ஆய்வகத்தின் ரசாயனக் கழிவோடு சேர்த்துக் கொடுங்கள்.