உவர் ஈரப்புல்வெளியின் தாவரக் குழுமங்களை இனங்காணும் முறை

கனடாவின் சஸ்காச்சுவான் முதல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா வரையுள்ள பிரெய்ரி புல்வெளிகளில், நிலத்தடி நீர் மேலெழுந்து ஆவியாகி உப்பை விட்டுச்செல்லும் தாழ்விடங்களில் உவர் ஈரப்புல்வெளிகள் அமைகின்றன. புற்கள் கதிர்விட்டு, வெண்ணிற உப்புப் படிவும் தெரியும் கோடையின் பிற்பகுதி ஆய்வுக்கு உகந்தது.

பள்ளத்தின் நடுவிலிருந்து மேட்டை நோக்கி அளவுநாடாவை நேராக விரித்து, அதன் வழியே 1 மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தைச் சீரான இடைவெளியில் வைத்து, ஒவ்வோர் இனமும் மூடியுள்ள பரப்பை விழுக்காட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உப்பு மிகுந்த நடுப்பகுதியில், இலையற்றதுபோல் தோன்றி இலையுதிர் காலத்தில் சிவக்கும் சாலிகோர்னியா என்னும் செடியும், சுவேடா என்னும் செடியும், அடுத்துப் பக்சினெல்லியா புல்லும், சற்று மேலே டிஸ்டிக்லிஸ் என்னும் உப்புப்புல்லும், விளிம்பில் நரிவால் பார்லியும் பெரும்பாலும் காணப்படும். மழை மிகுந்த ஆண்டிலும் வறண்ட ஆண்டிலும் இவ்வெல்லைகள் இடம்பெயர்வதால், இனங்கள் கலந்து நிற்கும் பகுதியை வலிந்து ஏதேனும் ஒரு குழுமத்தில் (ஒரே இடத்தில் சேர்ந்து வளரும் இனங்களின் தொகுதியில்) சேர்க்காமல், கலப்பாகவே பதிவுசெய்வது நேர்மையானது.

இவ்வாறு இனங்கண்ட ஒவ்வொரு குழுமத்தின் பகுதியிலும் மண் மாதிரி எடுங்கள். நீரால் நிறைவுற்ற மண்ணிலிருந்து பிரித்தெடுத்த சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் (மின்கடத்துதிறனின் அலகு) தாண்டினால் அது உவர்மண். ஆயினும் வடக்குச் சமவெளிகளில் சல்பேட் உப்புகளும், நெப்ராஸ்காவின் லிங்கன் நகரை ஒட்டிய சதுப்புகளில் சோடியம் குளோரைடும் மேலோங்குவதால், உப்பின் வகையையும் ஆய்வகத்தில் கண்டறிவது இன்றியமையாதது.