கொழும்பிலிருந்து அகழ்வுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் சிலருக்கு இப்போது தொல்பொருளியல் மேல் ஒரு கண். கீழடிச் செய்திகளைப் போனில் பார்த்து வந்த ஆசை பாதி, கொழும்பு அருங்காட்சியகத்தில் சுற்றி வந்ததில் பிடித்தது பாதி. நல்ல ஆசைதான். ஆனால் களத்தில் முதல் வாரம் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி ஒரே அவசரத்தால் வருபவை: கண்டதும் கையில் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம்.

குழிச் சுவரில் ஒரு பானை ஓடு பாதி நீட்டிக்கொண்டிருக்கும். இளசுகளின் கை தானாக அங்கே போகும். இழுத்தால் ஓடு வந்துவிடும், அதோடு கொஞ்சம் சுவரும் வந்துவிடும். அந்தச் சுவரில்தான் மண்ணடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிகின்றன. கடைசியில் அளந்து வரையப்போவதும் அதைத்தான். ஆகவே நீட்டிக்கொண்டிருப்பது பொற்காசே ஆனாலும், பொறுப்பாளர் சொல்லும்வரை தொடக்கூடாது. ட்ரவல் என்னும் அந்தச் சின்ன மேசன் கரண்டியின் நுனியால் குத்திக் கிளறுவதும் இதே ரகம். அதன் ஓரத்தால், தன் பக்கமாக, மெல்லிசாக வழித்தெடுக்க வேண்டும்.

எடுத்த இடம் ஏன் அவ்வளவு முக்கியம்? இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த ஆனைக்கோட்டை முத்திரை பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றுக்குள் கிடைத்தது. கூடவே என்ன இருந்தது என்று தெரிந்ததால் அதன் காலத்தைப் பற்றிப் பேச முடிகிறது. கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டோ 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே காலத்துக் கல், 1409ஆம் ஆண்டு குறிக்கப்பட்டது, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உண்டு. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைக் கோயில் தெய்வமான தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. அப்படியானால் கல் முதலில் நின்றது காலியிலா, தேவேந்திரமுனையிலா? இன்றும் விவாதம்தான். யாரோ ஒருவர் என்றைக்கோ பெயர்த்ததன் விலை அது.

அடுத்தது, “ஆழத்தில் கிடைத்தால் பழசு” என்ற நம்பிக்கை. நமக்கு முன்னால் இருந்தவர்களும் குழி தோண்டியவர்கள்தானே. கிணறு, குப்பைக்குழி, தூண் நட்ட பள்ளம், இவை போதாதென்று எலி வளை. ஒல்லாந்தர் காலத்தில் வெட்டிய குப்பைக்குழி பழைய அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு இறங்கியிருந்தால், அந்தக் காலத்துப் பீங்கான் துண்டு, அதைவிட எத்தனையோ நூற்றாண்டு மூத்த பானைக்குப் பக்கத்தில், ஒரே மட்டத்தில் கிடக்கும். அளவு நாடா இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். மண்ணின் நிறமும் இறுக்கமும் எங்கே மாறுகிறது என்று பார்க்க வேண்டும். வெயிலில் காய்ந்த மண் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், மெல்லிசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்; குழியின் விளிம்பு கோடு போட்டதுபோல் தெரியும். அப்புறம் இரண்டு மண்ணுக்கும் தனித்தனி எண், தனித்தனிப் பை.

ஓடு கழுவுவது லேசான வேலை என்று நினைத்துத்தான் புதியவர்கள் அதில் உட்காருகிறார்கள். அதிகம் கெடுவதும் அங்கேதான். பேசின் நிறையத் தண்ணீர் வைத்து, பை பையாகக் கொட்டி ஊறப்போடாதீர்கள். சரியாகச் சுடாத பானை ஓடு கரைந்து கூழாகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு பை மட்டும்; அதன் சீட்டு அந்த ஓடுகளோடு தட்டிலேயே இருக்க வேண்டும். மென்மையான டூத் பிரஷ் போதும். உடைந்த ஓரத்தை நன்றாகத் தேய்க்கலாம், களிமண்ணில் என்ன கலந்திருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். மேற்பரப்பில் கை மெதுவாகப் போகட்டும்: கீறி எழுதிய ஓர் எழுத்தோ, பூசிய வண்ணமோ, அடியில் ஒட்டிய சமையல் கரியோ இருக்கலாம். கரி ஒட்டியிருந்தால் கழுவவே வேண்டாம், தனியே எடுத்து வையுங்கள். இரும்பு, செம்பு எதுவும் தண்ணீர்ப் பக்கம் வரக்கூடாது. கழுவியதை நிழலில் உலர்த்துங்கள்; ஈரத்தோடு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

காலக்கணிப்புக்கு எடுக்கும் கரித்துண்டை விரலால் தொடாமல் அலுமினியத் தாளில் மடிப்பது, படம் எடுக்கும்போது அளவுகோலும் வடக்கு அம்பும் வைப்பது எல்லாம் சொல்லித் தருவார்கள். சொல்லித் தந்தும் நிற்காத பழக்கம் ஒன்று உண்டு: “இரவு ரூமுக்குப் போய் எழுதுவோம்.” இரவில் எழுதும் குறிப்பில் பாதி கற்பனை. குழி ஓரத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மழையில் ஓடிவிடும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சொல்ல இரண்டு இருக்கிறது. கொழும்பிலிருந்து போகும் களங்களில் பெரும்பாலும் வேலை சிங்களத்தில்தான் நடக்கும். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருபவர்கள் தங்களுக்குள் ஒரு மூலையில் கூடிக்கொண்டால், குழிக்குள் பல வருடம் நின்ற தொழிலாளி ஐயா மண்ணைத் தடவிப் பார்த்துச் சொல்வது காதில் விழாது. மண்ணைப் பற்றி அவரைப்போல் சொல்ல ஆள் கிடையாது. அரைகுறைச் சிங்களம் போதும், கேளுங்கள். இரண்டாவது, ஓடு வெளியே வந்த நிமிடமே “இது நம்மட ஆட்களுடையதா, அவர்களுடையதா?” என்று கேட்பது. இந்த நாட்டில் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விடையை முடிவு செய்துகொண்டு தோண்டுபவரின் கண்ணுக்கு மற்ற எதுவும் படாது. கறுப்புச் சிவப்புப் பாண்டம் யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் கிடைக்கிறது, அநுராதபுரத்திலும் கிடைக்கிறது. முதலில் பதிவு, சண்டை பிறகு.

சட்டத்தையும் விளையாட்டாக எடுக்காதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம், சொந்தக் காணியாக இருந்தாலும். 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருள்களாகக் கணக்கு. “சும்மா பழகத்தான் தோண்டினோம்” என்றால் பொலிசுக்கு நீங்களும் புதையல் தோண்டுபவரும் ஒன்றுதான். அதேபோல், களத்தில் செல்பி எடுத்து இடத்தின் பெயரோடு போடுவது புதையல்காரர்களுக்கு வழி காட்டும் வேலை. படத்தைப் போடலாமா என்று பொறுப்பாளரைக் கேளுங்கள். பெரும்பாலும் வேண்டாம் என்பார்.

பயிற்சி தொடங்குமுன் பழக ஆசையா? வீட்டில் உடைந்த மண்சட்டியின் விளிம்புத் துண்டு ஒன்றை எடுத்து, அதன் வளைவிலிருந்து முழுச்சட்டியின் வாய் எத்தனை சென்றிமீற்றர் இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, வெட்டுமுகத்தை அதே அளவில் வரைந்து பாருங்கள். உடையாத சட்டி ஒன்று அடுக்களையில் இருந்தால், விடை சரியா என்று அளந்தும் பார்க்கலாம்.